முண்டத்தின் முதல் வரிசை

செப்டம்பர் 1, திங்கள்

பல் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்த நாளில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கூட்டத்துக்கு வராதவரைப் பேச்சுவார்த்தைக் குழுவில் போடுவது எங்கள் சங்கத்தில் நெடுநாள் வழக்கம். வந்தவர்கள் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுத் தப்பித்துவிடலாம். வராதவருக்கு அந்த வசதி இல்லை. தலைவர் தனசிங் போன் செய்தார்.

"மேடம், ஒங்கள ஏகமனதா தேர்ந்தெடுத்தாச்சு."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா ஏகமனது எப்படி மேடம் வரும்?"

ஒரு கன்னம் வீங்கியிருந்ததால் மேலே பேச முடியவில்லை. அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டிருப்பார்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிற ஒப்பந்தம் இது. செலவைக் குறைக்க வேண்டுமாம். அதற்காகக் கம்பெனி இரண்டு காரியம் செய்யப் பார்க்கிறது. பெட்டி ஏற்றி இறக்கும் லோடர்களின் வேலையையும் கவுண்டரில் போர்டிங் பாஸ் கொடுப்பவர்களின் வேலையையும் ஒரு கான்ட்ராக்டரிடம் விடுவது ஒன்று. விமானப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தரும் எங்கள் பிரிவை மூடிவிட்டு, ஹைதராபாத்தில் ஏதோ தனியார் அகாடமியிடம் அந்த வேலையைக் கொடுப்பது இன்னொன்று. முன்னதில் நானூற்றுச் சொச்சம் பேர். பின்னதில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர்.

என் கணவர் சபேசன் முப்பது வருடம் வங்கி ஊழியர் சங்கத்தில் கொடி பிடித்தவர். அதைப் பற்றி நான் செய்த கேலி ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருக்கிறது என்பது இன்று தெரிந்தது. "எழுந்திருங்க தோழர்" என்று ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கொண்டுவந்து கொடுத்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

முதல் அமர்வு.

கம்பெனியின் கூட்ட அறை இப்போது கம்பெனியிடம் இல்லை. வாடகையை மிச்சம் பிடிக்க அந்த மாடியையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஓட்டலில் அறை எடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வேறு. ஆகவே நாங்கள் பேசுவது எங்கள் பயிற்சிக் கூடத்தில் நிற்கும் மாதிரி விமானத்துக்குள்.

மாதிரி விமானம் என்றால் விமானத்தின் நடுத்துண்டு மட்டும். உள்ளே சில வரிசை இருக்கைகள், இரண்டு பக்கமும் கதவு, கதவிலிருந்து கீழே சறுக்கிப் போக ஒரு சறுக்கு. மூக்கு, இறக்கை, வால் எதுவும் கிடையாது. அதனால் லோடர்கள் அதற்கு 'முண்டம்' என்று பெயர் வைத்தார்கள். இப்போது மேனேஜர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இன்றைய அழைப்பிலேயே "இடம்: முண்டம்" என்று யாரோ அடித்துவிட்டு, பிறகு திருத்தி இன்னொன்று அனுப்பினார்கள்.

எல்லா இருக்கையும் ஒரே திசையைப் பார்த்தவை. நிர்வாகத்தினர் நடைபாதைக்கு இடப்பக்கம், நாங்கள் ஏழு பேர் வலப்பக்கம். யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. பேசுகிறவர் எழுந்து திரும்பினால் மேலே பெட்டி வைக்கும் தட்டில் தலை இடிக்கிறது. குறிப்பு எடுக்கும் வேலை என் தலையில் விழுந்ததால் நான் மட்டும் முதல் வரிசை. அங்கேதான் மடக்கு மேசை உடையாமல் இருக்கிறது.

லோடர்களின் சார்பில் வந்திருக்கும் ஏழுமலை உட்கார்ந்ததும் கையை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"இருவது வருசமா ஏத்தி எறக்குறேன் மேடம். சீட்ல இன்னிக்குத்தான் உக்கார்றேன்."

"எப்படி இருக்கு?"

"கீழ பெட்டிங்களுக்கு இதவிட எடம் ஜாஸ்தி."

நிர்வாகத்துக்காகப் பேசுகிறவர் நந்தகுமார், மனிதவளத் துறை, கோயம்புத்தூர்க்காரர். மிகவும் மரியாதையானவர். நான் இன்னும் எதையும் நம்பிவிடவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. கையால் பிழிந்தேன். வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இரண்டாம் அமர்வு. நந்தகுமார் நடைபாதையில் நின்றபடி கான்ட்ராக்ட் முறையின் நன்மைகளை விளக்கினார். பாதியில் தலைக்கு மேலே 'டிங்' என்று மணி அடித்தது. கவுண்டர் பிரிவின் பர்வீன் பொத்தானை அழுத்தியிருந்தாள்.

"என்னங்க மேடம்?"

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்? நின்னுக்கிட்டுதானே இருக்கீங்க."

அவர் உண்மையிலேயே போய் பாட்டில் எடுத்துவந்து கொடுத்தார். இவர்களைப் போன்றவர்களோடு சண்டை போடுவது கஷ்டம்.

பிறகு ஏழுமலை கேட்டார்: "கான்ட்ராக்ட் ஆளு மூணு மாசத்துக்கு மேல நிக்க மாட்டான் சார். வேலைய எப்பக் கத்துக்குவான்?"

"கத்துக்குவாங்க ஏழுமலை. எல்லாருமே கத்துக்கிட்டு வந்தவங்கதானுங்க."

"கத்துக்குனா சம்பளம் ஏத்திக் கேப்பான். உடனே நீங்க நிறுத்திடுவீங்க."

நந்தகுமார் சிரித்தார். மறுக்கவில்லை. இதைக் குறிப்பில் எழுதலாமா என்று தனசிங்கைக் கேட்டேன். "சிரிப்ப எப்படி மேடம் எழுதுவீங்க?" என்றார். எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

திரும்பும்போது தனசிங்கும் ஏழுமலையும் பர்வீனும் வாசல் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டார்கள். எனக்கு நின்றுகொண்டு டீ குடிக்கப் பிடிக்காது. குடித்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று பேச்சுவார்த்தை இல்லை, வேலை மட்டும். பதினெட்டுப் புதுப் பெண்கள், இரண்டு பையன்கள். கதவைத் திறப்பதைச் சொல்லிக்கொடுத்தேன்.

பார்ப்பதற்கு எளிது. நெம்புகோலைத் தூக்கித் தள்ளினால் திறந்துவிடும். ஆனால் புகை போட்டு, விளக்கை அணைத்து, பின்னால் இருபது பேர் கூச்சல் போட்டால் கை எங்கே போக வேண்டும் என்பதே மறந்துவிடும். அதற்காகத்தான் நான் கத்துகிறேன். "குதி! கைய நீட்டு! குதி!" என்று கத்தி அவர்களைச் சறுக்கில் தள்ளுவதுதான் என் உத்தியோகம். இயற்பியலில் எம்.எஸ்ஸி. வாங்கியவளுக்கு இப்படி ஒரு பிழைப்பு என்று என் அப்பா கடைசிவரை அங்கலாய்த்தார். வீட்டில் பக்கத்து அறைக்கு அழைப்பதற்குக்கூட நான் குரலை உயர்த்துவதில்லை. எழுந்து போய்த்தான் சொல்வேன்.

ஒரு பெண் கதவருகே நின்று அழுதாள். உயரம் பயமாம். நான்கு முறை திரும்பிப் போனாள். மதியத்துக்கு மேல் குதித்தாள். பிறகு யாரும் கேட்காமலே இன்னும் மூன்று தடவை குதித்தாள்.

சாயங்காலம் தொண்டை கட்டிவிட்டது. நல்ல நாள்.

செப்டம்பர் 18, வியாழன்

நந்தகுமார் புதிதாக ஒன்றைச் சொன்னார். உட்கார்ந்தபடியே, முன் இருக்கையின் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

லோடர்களையும் கவுண்டரையும் இந்த ஒப்பந்தம் முடியும்வரை தொட மாட்டார்களாம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்களாம். அதற்குப் பதிலாகப் பயிற்சிப் பிரிவு ஹைதராபாத்துக்குப் போக சங்கம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது பேரும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளலாம், அல்லது அகாடமியில் வேலைக்கு மனுப் போடலாம். திங்கட்கிழமைக்குள் பதில்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் தனசிங், "மேடம், ஒங்க பிரிவுல கலந்து பேசிட்டு வாங்க" என்றார். ஏழுமலை செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பர்வீனும் அப்படியே.

அது இயல்புதான். நானாக இருந்தாலும் என்ன சொல்வேன்?

செப்டம்பர் 19, வெள்ளி

பிரிவில் சொன்னேன். கதவுகளைப் பழுதுபார்க்கும் ஜெயகர் கேட்டார்: "நீங்க அந்தக் குழுவில இருக்கீங்களே தாட்சாயணி, உங்களுக்கு என்ன தோணுது?"

"ஏழுல ஒரு ஓட்டு என்னுது."

"அதத்தான் கேக்கறேன்."

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

இது கூட்டல் கழித்தல் கூடத் தேவைப்படாத கணக்கு. ஒன்பது பேர், நானூறு பேர். ஒன்பது பேரில் பெரும்பாலானவர்கள் ஐம்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். சொந்த வீடு இருக்கிறது. லோடர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் இப்போதுதான் கல்லூரிக்குப் போகிறார்கள். யாராக இருந்தாலும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நானும் ஒத்துக்கொண்டு கை தூக்கிவிட்டால், எங்களை விற்றுவிட்டோமே என்று மற்ற ஆறு பேருக்கும் உறுத்தாது. அதைச் செய்யப்போகிறேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சமையலறை அலமாரியை முழுவதும் இறக்கித் துடைத்தேன். பிறகு குளிர்சாதனப் பெட்டியை. சபேசன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தீபாவளிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்றார்.

"அழுக்கா இருந்தது."

"போன வாரம்தான் தொடச்ச."

செப்டம்பர் 20, சனி

பரணைச் சுத்தம் செய்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் குழு மட்டும் முண்டத்துக்குள் கூடியது. நிர்வாகத்தினர் இல்லை. வழக்கம்போல நான் முதல் வரிசை, மற்ற ஆறு பேரும் எனக்குப் பின்னால். தனசிங் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டார், எல்லோரும் தெரிய வேண்டும் என்று. பேசுகிறவர்கள் பேசலாம் என்றார்.

"அப்ப ஓட்டுக்குப் போவோம். நிர்வாகம் சொன்னத ஏத்துக்கிடுதவங்க கையத் தூக்குங்க."

தூக்கினேன். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டேன். எதிரே சீட் பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதையே பார்த்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தேன். திரும்பினால், கை தூக்கியிருப்பவர்கள் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு அது எதற்கு?

எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் எண்ணினார்.

"ஒண்ணு" என்றார் தனசிங்.

நான் கையை இறக்கவில்லை. மீதியை எண்ணுவார் என்று காத்திருந்தேன்.

"மேடம், கைய எறக்குங்க. வலிக்கப் போவுது."

திரும்பினேன். ஐந்து பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா தெரியவில்லை. ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது.

"எதிர்க்குதவங்க?"

தனசிங்கையும் சேர்த்து ஆறு கைகள்.

"நானூறு பேர் வேலை" என்றேன். "கணக்குப் பார்த்தா—"

"இன்னா கணக்கு மேடம்?" என்றார் ஏழுமலை. "இன்னிக்கி ஒங்கள எழுதிக் குடுப்போம். அடுத்த ஒப்பந்தத்துல இவங்க கவுண்டரு. அப்பறம் நாங்க. எங்க முறை வர்றப்ப எங்களுக்குப் பேச யாரு இருப்பா? நீங்களா? நீங்க ஒங்க செக்‌ஷனுக்கே பேச மாட்டேன்றீங்க!"

"வருசா வருசம் தீயணைப்புப் பயிற்சின்னு வெயில்ல நிக்க வச்சு எங்களத் திட்டுறீங்களே" என்றாள் பர்வீன். "அந்தத் திட்டை இனிமே ஹைதராபாத் போய் வாங்கணுமா?"

குறிப்பு எடுக்கிறவள் நான். ஆகவே நானே எழுத வேண்டியிருந்தது. 'பயிற்சிப் பிரிவை வெளியாருக்குக் கொடுக்க ஆதரவு: தாட்சாயணி, பயிற்சிப் பிரிவு. எதிர்ப்பு: மற்ற அனைவரும்.'

அவர்கள் சொன்ன காரணங்கள் நடைமுறைக்கு ஏற்றவை. எனக்காக யாரும் எதையும் செய்துவிடவில்லை. அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

வரும் வழியில் குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் மல்லிகைப்பூ வாங்கினேன். பூ வைத்தால் எனக்குத் தலை வலிக்கும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

விஷயம் ஏர்போர்ட் முழுக்கப் பரவிவிட்டது. கேன்டீனில் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஜெயகர் மட்டும் பேசவில்லை. சாயங்காலம் வந்து, "கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லிருப்பேன், ஆனா நீங்க கேட்டிருக்கணும்" என்றார். நியாயம். மன்னிப்புக் கேட்டேன்.

சபேசனிடம் சொன்னேன். சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு ஓட்டைக் கேள்விப்பட்டதே இல்லையாம்.

செப்டம்பர் 25, வியாழன்

சிரித்து முடிந்தது. இன்று நந்தகுமார் சொன்னார்: "சரிங்க. அப்ப லோடர், கவுண்டர், பயிற்சி மூணுமே மறுபடியும் மேசைக்கு வந்துருச்சுங்க."

நான் பயந்தது இதைத்தான். ஒன்பது பேருக்காக நானூறு பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்தேன். தலை இடித்தது. முண்டம் நாளில் பாதி நேரம் சும்மா நிற்கிறது என்று சொன்னேன். இங்கே மற்ற விமான கம்பெனிகளும் தங்கள் ஆட்களைப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்புகின்றன. விடியற்காலையும் சாயங்காலமும் அவர்களுக்கு வாடகைக்கு விட்டால், பயிற்றுநர்கள் நாங்களே இருக்கிறோம். ஹைதராபாத்துக்குக் கொடுத்து மிச்சம் பிடிப்பதில் பெரும்பகுதி இங்கேயே வந்துவிடும். எங்கள் ஒன்பது பேருக்கும் வேலை நேரம் கூடும். அது எங்கள் பாடு. இந்த முறை ஜெயகரையும் மற்றவர்களையும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

நந்தகுமார் அரை மணி நேரம் போனில் பேசிவிட்டு வந்தார். "பெரும்பகுதி வருதுங்க. முழுசா வரலீங்க. மீதிக்கு ஏதாச்சும் விட்டுக் குடுக்கணுங்க."

பின்னாலிருந்து ஏழுமலை சொன்னார்: "காலைல மொத ஷிப்டு வேன எடுத்துக்கோங்க."

முதல் ஷிப்ட்காரர்களை வீட்டு வாசலில் வந்து ஏற்றிப் போகிற வேன்கள் அவை.

"உங்களுக்குப் பைக் இருக்கு!" என்றாள் பர்வீன். "அனகாபுத்தூர்ல இருந்து விடியுறதுக்கு முன்னாடி நான் எப்படி வர்றது? ஓட்டுதான் போட்டேன், என் வேனையும் சேத்துக் குடுக்கறேன்னு யார் சொன்னா?"

அவள் கேட்டது சரி. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை.

"நான் அந்தப் பக்கமாத்தான் வருவேன்" என்றேன். "இனிமே காலைல எனக்கும் பேட்ச் இருக்கும். கார்ல கூட்டிட்டு வரேன்."

"தினமுமா?"

"நீங்க முதல் ஷிப்ட்ல இருக்கிற வரைக்கும்."

ஒப்பந்தத்தில் இல்லாத ஒரே நிபந்தனை அதுதான்.

வீட்டில் சபேசன், "அனகாபுத்தூர் எந்த ஊர்லேர்ந்து வந்தா உன் வழியில இருக்கு?" என்று கேட்டார். பம்மல் வழியாகப் போனால் வரும் என்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. முண்டத்தின் இரண்டு கதவுகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். இறக்கை இல்லாததற்கும் பூஜை உண்டு என்றார் ஜெயகர். ஏழுமலை வந்து பூசணிக்காய் உடைத்தார். சறுக்கின் அடியில் உடைக்க வேண்டாம், ஈரத்தில் வழுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

நந்தகுமாரும் வந்தார். பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

"தலைமை அலுவலகம் ஒத்துக்கிச்சுங்க. அடுத்த வாரம் கையெழுத்து."

"நல்லது."

"எங்க சம்பளப் பிரிவை புனேல ஒரு கம்பெனிக்குக் குடுக்கறாங்களாமுங்க. நேத்துத்தான் சொன்னாங்க." கொஞ்சம் பொரியை வாயில் போட்டுக்கொண்டார். "உங்க சங்கத்துல மேனேஜருங்க சேர முடியாதுங்களா?"

"முடியாது. ஆனா கூட்டத்துக்கு வராம இருந்து பாருங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கே ஆச்சரியம், நான் ஜோக் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

கையெழுத்தானது. மூன்று வருடத்துக்கு யாரும் வெளியே போக வேண்டாம். நான் எட்டாவது பக்கத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் காக்க வைத்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

புது வாஷிங் மெஷின் வந்தது. பழையதைவிடச் சத்தம் அதிகம்.

நவம்பர் 3, திங்கள்

வேன் நின்ற முதல் நாள். மழைத் தூறல். அனகாபுத்தூரில் பர்வீன் குடையோடு நின்றாள். பொழிச்சலூர் முனையில் ஏழுமலை நின்றார். பைக் மழையில் ஸ்டார்ட் ஆகவில்லையாம். கூடவே பொன்னுரங்கம் என்று இன்னொரு லோடர். அவருக்குப் பைக்கே இல்லையாம். இவர்களை யார் அழைத்தது என்று நான் கேட்கவில்லை. ஈரச் செருப்போடு ஏறினார்கள்.

பர்வீன் முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டு வைத்தாள். நான் கார் வாங்கிய நாளிலிருந்து அந்த ரேடியோ பாடியதில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். கொஞ்சம் குறைத்தாள். "மேடம், லாரிய முந்துங்க மேடம், பயப்படாதீங்க" என்று பின்னாலிருந்து யோசனை சொல்லிக்கொண்டே வந்தார் ஏழுமலை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

பல்லாவரத்தில் வண்டிகள் நின்றன. பொன்னுரங்கம் மெதுவாக முன்னால் சாய்ந்தார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒங்க செக்‌ஷன மூடணும்னு நீங்களேதான் கை தூக்குனீங்களாமே, நெஜமா?"

"நிஜம்தான்."

"ஏன் மேடம்?"

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

"எண்ணிப் பார்த்தேன். நாங்க ஒன்பது பேர்தான் இருந்தோம்."

"தப்பா எண்ணிட்டீங்க மேடம்" என்றார் ஏழுமலை, கண்ணைத் திறக்காமல். "வண்டி நகருது பாருங்க, போங்க."